கிரௌன் ஆயில்: 90-ஆ, 140-ஆ, சிந்தெட்டிக்கா?

கிரௌன் என்பது எஞ்சினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி, அதாவது டிஃபரன்ஷியல். அதன் ஆயிலை மாற்ற வேண்டும், எதை ஊற்றலாம் என்று கேட்டால் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் ஒரு பதில் கிடைக்கும். தடிப்பு எண் 90 போதும் என்பார் ஒருவர். நம்ம ஊர் வெயிலுக்கு 140தான் தாங்கும் என்பார் அடுத்தவர். ஆயில் கடைக்காரர், செயற்கை முறையில் தயாரித்த சிந்தெட்டிக் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைப்பார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூவர் மனத்திலும் இருக்கும் வண்டிதான் வேறு வேறு. உங்கள் வண்டி எது, அது என்ன வேலை செய்கிறது என்பது தெரிந்தால் முடிவு அவ்வளவு கடினமில்லை.

## முதலில், இந்தக் கேள்வி உங்களுக்கு உண்டா?

ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய். அதற்கெனத் தனியாக வாங்க எதுவும் இல்லை. கையேட்டில் சொன்ன கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றினால் முடிந்தது. இன்னோவா ஹைகிராஸும் இந்த வகைதான். பழைய இன்னோவா வைத்திருந்த பழக்கத்தில் அதற்கும் கிரௌன் ஆயில் கேட்டுப் போகவேண்டாம்.

கிரௌன் தனியாக இருப்பது பின்சக்கர இழுவை வண்டிகளில்: ஆம்னி, ஈக்கோ, பொலிரோ, ஸ்கார்ப்பியோ, சுமோ, தார், பழைய இன்னோவா, கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசிடர். பின்னால் குனிந்து பார்த்தால் ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய்போலப் புடைத்திருக்கும் ஹவுசிங் தெரியும். நான்கு சக்கர இழுவை என்றால் முன்னாலும் ஒரு கிரௌன் உண்டு. முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரித்து அனுப்பும், நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வேறு பொருள், அதன் எண்ணெயும் வேறாக இருக்கலாம். கிரௌனுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று அதில் ஊற்றிவிடக் கூடாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

எண்ணெயின் தடிப்பைப் பற்றிப் பேசும் முன்பு டப்பாவில் பார்க்கவேண்டிய எழுத்து ஒன்று இருக்கிறது: ஏபிஐ ஜிஎல்-5. இது கியர் ஆயிலின் தரக் குறியீடு.

பின் ஆக்சிலில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம், அது சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். இதை ஹைபாய்டு என்கிறார்கள். கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரோப்பல்லர் ஷாஃப்டைத் தாழ்த்தி ஓட்டலாம், பற்களும் பெரிதாகி வலுவாகின்றன; இரண்டு லாபத்துக்கும் விலை ஒன்று உண்டு. பல்லின்மேல் பல் உருளுவதோடு நிற்காமல், கனத்த அழுத்தத்தில் தேய்த்துக்கொண்டு வழுக்கவும் செய்கிறது. அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். அங்கே இரும்பைக் காப்பாற்றுவது எண்ணெயில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம். சூடேறும்போது அது இரும்பின் மேற்பரப்போடு வினைபுரிந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்குகிறது. பல்லுக்குப் பதில் அந்தத் தோல் தேய்கிறது. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தினுடையது. நாறுகிறதே, கெட்டுவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை.

ஜிஎல்-4 எண்ணெயில் இந்தச் சேர்மானம் ஏறக்குறையப் பாதிதான். ஹைபாய்டு கிரௌனில் அதை ஊற்றினால் பல் உரசிக் கீறல் விழும். எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். ஜிஎல்-5 எண்ணெயை ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸில் ஊற்றினால் கியர் மாறும்போது பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் பிடிக்கவேண்டிய இடத்தில் வழுக்கும். சில வகைச் சேர்மானம் பித்தளையையே அரிக்கவும் செய்யும். கியர் விழும்போது உறுமல் கேட்கத் தொடங்கும். ஒரே டப்பாவை வைத்து கியர் பாக்ஸ், கிரௌன் இரண்டையும் நிரப்பும் பழக்கத்தால் வரும் வினை இது.

இரண்டாவது, தடிப்பு எண். 80டபிள்யூ-90 என்பதில் முதல் எண் குளிருக்கு, இரண்டாவது எண் சூட்டுக்கு. 75டபிள்யூ என்றால் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரையிலும், 80டபிள்யூ என்றால் மைனஸ் 26 வரையிலும், 85டபிள்யூ என்றால் மைனஸ் 12 வரையிலும் குறித்த அளவுக்கு மேல் இறுகாமல் இருக்கும் என்று பொருள். உதகையில் ஜனவரி உறைபனிக் காலையில்கூட 80டபிள்யூ வேண்டிய மட்டும் இளகியிருக்கும். எனவே குளிரில் நன்றாக ஓடும் என்ற விளம்பரத்துக்காகத் தமிழ்நாட்டில் யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சூட்டு எண்தான் நமக்கு முக்கியம். 100 டிகிரியில் 90 எண்ணெயின் தடிப்பு 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (தடிப்பை அளக்கும் அலகு), 140 எண்ணெய்க்கு 24 முதல் 32.5. இந்த எண்களை எஞ்சின் ஆயில் எண்களோடு ஒப்பிட்டுக் குழம்பக் கூடாது. இரண்டும் வேறு வேறு அளவுகோல். 90 கியர் ஆயிலின் தடிப்பு, எஞ்சின் ஆயில் கணக்கில் 40-க்கும் 50-க்கும் அக்கம்பக்கம்தான்.

மூன்றாவது, வண்டி சுமக்கும் பாரமும் ஏறும் மேடும். 41 பல் கிரௌனும் 10 பல் பினியனும் இருந்தால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற பினியன் 4.1 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌன் பல்லைவிட நான்கு மடங்கு அடி வாங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலைக்கோ, 40 வளைவு ஏறும் வால்பாறைக்கோ ஆள் நிரப்பிப் போகும் வண்டியில், தாழ்ந்த கியரில் அத்தனை முறுக்கு விசையும் அந்தச் சில பற்களின் வழியாகத்தான் போகவேண்டும். எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டுவது இங்கேதான். தேசிய நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடும் டாக்ஸியில் சூடு வருவது பாரத்தால் குறைவு, எண்ணெயைக் கிரௌன் ஓயாமல் கடைவதால் அதிகம். இரண்டு சூட்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

நான்காவது, உள்ளே இருப்பது சாதாரண டிஃபரன்ஷியலா, ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும், கிளட்ச் தட்டு வைத்த லிமிடெட் ஸ்லிப்பா, இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக்கரா என்பது. ஐந்தாவது, வண்டியின் வயதும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் ஆயில் சீல்களின் நிலையும். ஆறாவது, தண்ணீர். இதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. கீழே தனியாகப் பார்ப்போம். விலை கடைசியில்தான் வரவேண்டும், ஏனென்றால் கிரௌனுக்குத் தேவைப்படும் எண்ணெய் குறைவு. சிறிய வேன்களுக்கு 1 முதல் 1.5 லிட்டர், ஜீப் வகை வண்டிகளுக்கு 2 முதல் 3 லிட்டர் போதும்.

## மினரல் 80டபிள்யூ-90

மினரல் என்பது கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் சாதாரண எண்ணெய். பெட்ரோல் பங்க் முதல் பைபாஸ் ஓரக் கடைவரை கிடைக்கும். பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் ஜிஎல்-5 தரத்தில் உண்டு. மெக்கானிக்குகள் ‘90 ஆயில்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வெறும் 90 என்று மட்டும் அச்சிட்ட எண்ணெய் ஒற்றைத் தரம். நம் தட்பவெப்பத்தில் அதுவும் ஓடும். ஆனாலும் 80டபிள்யூ-90 அதே விலைக்குக் கிடைக்கும்போது அதையே வாங்கலாம்.

வீட்டு உபயோகத்துக்கு ஓடும் பொலிரோ, பள்ளி வேனாக ஓடும் ஈக்கோ, ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் தாண்டாத பழைய இன்னோவா ஆகியவற்றுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கையேடு வேறு சொல்லாதவரை 30,000 முதல் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றலாம். மலையும் பாரமுமாக ஓடினால் அதில் பாதி.

மறைந்திருக்கும் செலவு என்று சொன்னால், தொடர் சூட்டில் இது சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுத்துத் தடிக்கும். மாற்றும் தேதியைத் தள்ளிப்போடுகிறவர்களை இது மன்னிக்காது. இன்னொரு பக்கம், அடிக்கடி மாற்றுவதே ஒரு லாபம்: ஒவ்வொரு முறையும் வடிக்கும் துளையை மூடும் காந்த பிளக்கை வெளியே எடுத்துப் பார்க்கிறோம், சீல் கசிவது தெரிகிறது, தண்ணீர் புகுந்திருந்தால் கண்டுபிடிக்கிறோம்.

கிரௌன் பினியன் புதிதாக மாற்றிய வண்டிக்கும் முதலில் இதையே ஊற்றவேண்டும். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது நிறைய உலோகத் தூள் உதிரும். 800 முதல் 1,000 கிலோமீட்டரில் அதை வடித்துக் கொட்டத்தான் போகிறோம். விலை உயர்ந்த எண்ணெயை அங்கே வீணாக்குவானேன்? அந்த முதல் ஓட்டத்தில் பாரம் இழுக்காமல், இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுவது எண்ணெயின் பிராண்டைவிட முக்கியம்.

## 85டபிள்யூ-140

வெயில் அதிகம், எனவே தடித்த எண்ணெய் என்ற வாதம் கேட்க நியாயமாக இருக்கும். வெளியே 40 டிகிரி இருப்பதால் கிரௌனுக்குள் இருக்கும் சூடு ஒரேயடியாக மாறிவிடுவதில்லை. உள்ளே சூட்டைத் தீர்மானிப்பது பாரமும் வேகமும். லாரி, டிப்பர், டிராக்டர் போன்ற கனரக வண்டிகளின் பெரிய ஆக்சில்களுக்கு 140 பொருத்தம். தினமும் முழுப் பாரத்தோடு மெதுவாக மலையேறும் ஜீப்புக்கும், கையேடு அனுமதித்தால், பொருந்தும். மெதுவான வேகத்தில் பற்களுக்கு நடுவே தடித்த படலம் நிற்கிறது என்பது உண்மையான நன்மை.

காருக்கு அதனால் வரும் கேடு மூன்று. கடைவதற்கே கூடுதல் சக்தி போகிறது; அது டீசலில் தெரியும், நெடுஞ்சாலை வேகத்தில் எண்ணெயின் சூடாகவும் தெரியும். சூட்டைத் தாங்கத் தடிப்பான எண்ணெய் என்று ஊற்றியது, வேகத்தில் தானே சூட்டை உண்டாக்குகிறது. அடுத்தது பினியனின் முன் பேரிங். அது எண்ணெயில் மூழ்கியிருப்பதில்லை. கிரௌன் வாரி வீசும் எண்ணெய் ஹவுசிங்கில் இருக்கும் சிறு வாய்க்கால் வழியாக ஓடி வந்துதான் அதை நனைக்கவேண்டும். 40 டிகிரியில் 85டபிள்யூ-140 எண்ணெய், 80டபிள்யூ-90-ஐவிடச் சுமார் இரண்டு மடங்கு தடிப்பாக இருக்கும். விடியற்காலையில் எடுத்த எடுப்பில் விரட்டினால் அந்தப் பேரிங் சிறிது நேரம் காய்ந்து ஓடும்.

மூன்றாவது கேடு எல்லாவற்றிலும் பெரிது: இது சத்தத்தை மறைக்கிறது. உறுமும் கிரௌனில் 140 ஊற்றினால் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு அமைதியாகிவிடும். பழைய வண்டி விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாங்கப்போகும் வண்டியின் கிரௌனில் எண்ணெய் ஊற்றும் துளையை மூடும் ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரலில் தொட்டுப் பாருங்கள். கையேட்டில் 90 என்று இருக்க, உள்ளே தேன்போல இழுபட்டால், ஏன் என்று கேட்கவேண்டும்.

90-ஐயும் 140-ஐயும் பாதிப் பாதி கலப்பது பலர் செய்வது. இரண்டும் ஜிஎல்-5 மினரல் என்றால் உடனே எதுவும் ஆகிவிடாது. நடுத்தரமான தடிப்பு கிடைக்கும், அவ்வளவுதான். அந்த நடுத்தரம்தான் வேண்டும் என்றால் 110 என்று ஒரு தரமே இருக்கிறது, கிடைப்பதுதான் அரிது.

## சிந்தெட்டிக் 75டபிள்யூ-90, 75டபிள்யூ-140

சிந்தெட்டிக்கின் உண்மையான பலம் சூட்டில் சீரழியாமல் நிற்பது. மினரல் கறுக்கும் சூட்டில் இது நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். குளிர்ந்த நிலையிலிருந்து கொதி சூடுவரை தடிப்பு குறைவாகவே மாறுவதால் காலையில் பேரிங்குக்கும் உடனே ஓடும், மலைமேலும் நீர்த்துப்போகாது. கடைவதில் போகும் சக்தியும் குறைவு. மைலேஜ் ஏறும் என்று சொல்லி விற்பார்கள். கொஞ்சம் ஏறும்தான், ஆனால் டேங்க் டேங்காகக் கணக்குப் போட்டுப் பார்க்கும் அளவுக்கு அல்ல.

இது யாருக்கு? மாதம் 6,000, 7,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடும் டிராவல்ஸ் இன்னோவாவுக்கு. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு. மலையும் சமவெளியும் மாறி மாறி ஓடும் வண்டிக்கு. கையேட்டிலேயே 75டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-85 என்று அச்சிட்டிருக்கும் புதிய வண்டிகளுக்கு இதில் தேர்வே இல்லை. அந்த வண்டிகளின் பேரிங்கும் சீலும் இளகிய எண்ணெயை நினைத்து வடிவமைக்கப்பட்டவை. தடிப்பைக் கூட்டி நல்லது செய்வதாக நினைக்கவேண்டாம். 75டபிள்யூ-140 என்பது தடித்த படலமும் குளிரில் ஓட்டமும் சேர்ந்து வேண்டும் என்கிற இழுவை வண்டிகளுக்கு. வீட்டுக் காருக்கு அநேகமாகத் தேவைப்படாது.

மறை செலவு முதலில் சீலில் வரும். 15 ஆண்டு மினரலில் ஊறிய ரப்பர் இறுகியிருக்கும்; அதன் ஓரத்தில் படிந்த கசடே பாதி சீலாக வேலை செய்துகொண்டிருக்கும். சிந்தெட்டிக் அதைக் கரைத்ததும் பினியன் முனையில் ஈரம் தெரியும். எண்ணெய் சீலைக் கெடுத்ததாகத் தோன்றும். உண்மையில் அது முன்பே கெட்டிருந்தது. பழைய வண்டியில் சிந்தெட்டிக் ஊற்ற நினைத்தால் பினியன் சீலுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்கவேண்டும்.

அடுத்தது, நீண்ட நாள் வரும் என்ற நம்பிக்கை. 80,000 கிலோமீட்டர்வரை தாங்கும் என்று டப்பாவில் இருந்தாலும், அது உள்ளே தண்ணீர் புகாத, சேறு படாத கிரௌனுக்குச் சொன்னது.

## லிமிடெட் ஸ்லிப் எண்ணெய்

சாதாரண டிஃபரன்ஷியலுக்கு இது வேண்டியதில்லை. ஊற்றினால் கெடுதலும் இல்லை, பயனும் இல்லை. கிளட்ச் தட்டு வைத்த லிமிடெட் ஸ்லிப் இருந்தால் மட்டும் உராய்வைச் சரிசெய்யும் சேர்மானம் வேண்டும். அது இல்லாவிட்டால், நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று நடுக்கம் வரும். கூடுதலாக ஊற்றினால் தட்டுகள் பிடிப்பே இல்லாமல் வழுக்கும். பணம் கொடுத்து வாங்கிய லிமிடெட் ஸ்லிப் சாதாரணமாகிவிடும். லிமிடெட் ஸ்லிப்புக்கானது என்று டப்பாவிலேயே இருந்தால் சேர்மானம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. மேலும் ஒரு பாட்டில் தேவையில்லை.

முழுதும் பல்சக்கரத்தால் ஆன டோர்சன் வகைக்கு இந்தச் சேர்மானம் தேவையில்லை. தாரின் சில மாடல்களில் வரும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் வேறு ரகம். கையேடு கேட்டால் ஒழிய அதில் எதையும் சேர்க்கக் கூடாது. வழுக்கும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தும் மின்னணு முறைக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமே இல்லை.

## ஒரே பார்வையில்

| | மினரல் 80டபிள்யூ-90 | 85டபிள்யூ-140 | சிந்தெட்டிக் 75டபிள்யூ-90 |
|---|---|---|---|
| லிட்டர் விலை | குறைவு | ஏறக்குறைய அதே | 2 முதல் 4 மடங்கு |
| மாற்றும் இடைவெளி | 30,000–40,000 கி.மீ. | அதே | 60,000–80,000 கி.மீ. |
| மலை, பாரம் | போதும், பாதி இடைவெளியில் மாற்றினால் | மெதுவான வேகத்தில் நன்று | நன்று |
| தொடர் நெடுஞ்சாலை வேகம் | போதும் | வேண்டாம் | மிக நன்று |
| பழைய சீல் | தொந்தரவு இல்லை | கசிவு குறைந்ததுபோல் தெரியும் | கசிவு வெளிப்படலாம் |
| தண்ணீர் புகுந்தால் | உடனே மாற்று | உடனே மாற்று | உடனே மாற்று |

## கணக்குப் போட்டுப் பார்த்தால்

2 லிட்டர் பிடிக்கும் கிரௌன், 90,000 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். மினரல் லிட்டர் 400 ரூபாய், சிந்தெட்டிக் 1,200, ஒவ்வொரு முறையும் கூலி 200 என்று எடுத்துக்கொண்டால், 30,000-க்கு ஒரு முறை மினரல் மாற்ற மூன்று தடவைக்கு 3,000 ரூபாய். சிந்தெட்டிக்கை 45,000-க்கு ஒரு முறை மாற்றினால் 5,200. 90,000 கிலோமீட்டரும் ஒரே நிரப்பில் ஓட்டினால் 2,600. அதாவது, இடைவெளியை முழுதாக நம்பி நீட்டினால்தான் சிந்தெட்டிக் சிக்கனமாகிறது, அந்த நீட்டிப்பும் டப்பா சொன்னதையே தாண்டுகிறது. நடுவில் ஒரு முறை வெள்ளத்தில் இறங்கினால் மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும்.

மொத்த வித்தியாசம் இரண்டாயிரம் சொச்சம். கிரௌன் பினியன் செட்டும், பேரிங்கும், அதை இடைவெளி பார்த்துப் பொருத்தும் கூலியும் இதைவிடப் பல மடங்கு. எனவே மாற்றும் தேதியைத் தவறவிடாத சாதாரண எண்ணெய்க்காரர், ஒரு தடவை விலை உயர்ந்ததை ஊற்றிவிட்டு மறந்துபோகிறவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார்.

## தண்ணீர்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நீரில் நின்ற வண்டிகளுக்கு எஞ்சின் ஆயிலை மாற்றிய அளவுக்கு யாரும் கிரௌனைத் திறந்து பார்க்கவில்லை. ஆக்சிலின் மேலே பிரீதர் என்ற சிறு மூச்சுத் துளை இருக்கிறது. சூடாக ஓடிவந்த ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, வெளியிலிருந்து உறிஞ்சும். பிரீதர் நீருக்கடியில் இருந்தால் தண்ணீரை இழுக்கும். சேறு அடைத்திருந்தால் சீல் உதட்டின் வழியாக இழுக்கும். நீரோடு கலந்த எண்ணெய் பால் காப்பி நிறத்தில் வரும். அப்படி வந்தால் புது மினரலை ஊற்றி 100, 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதையும் வடித்துவிடவேண்டும். ஆக்சில் குழாய்களின் மூலையில் தங்கிய நீர் அப்போதுதான் வெளியேறும். ஆற்றில் இறங்கும் பழக்கம் உள்ள தார்க்காரர்கள் பிரீதரில் ரப்பர் குழாய் மாட்டி, அதன் முனையை உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிக்கொள்வது மலிவான காப்பீடு.

## மாற்றும் வழியிலும் தேர்வு உண்டு

டிரெயின் பிளக் இருக்கும் வண்டியில் வேலை சுலபம். பிளக் இல்லாத சில ஆக்சில்களில் பின் கவரைக் கழற்றவேண்டும். கசடைத் துடைக்கலாம், பற்களைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் புது கேஸ்கெட் அல்லது சிலிக்கான் பசை வேண்டும், அது காய நேரமும் வேண்டும். குழாய் விட்டு மேலிருந்து உறிஞ்சுவது மூன்றாவது வழி. அடியில் தங்கிய உலோகக் கசடு அப்படியே இருந்துவிடுவதால் அது கடைசி வழி.

வண்டியைப் 10, 15 கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். முதலில் கழற்றவேண்டியது மேலே இருக்கும் ஃபில்லர் பிளக். துருப்பிடித்து அது வர மறுத்தால் எண்ணெய் உள்ளேயே இருக்கும், வண்டி வீடு திரும்பும். டிரெயினை முதலில் திறந்துவிட்டு ஃபில்லரோடு மல்லுக்கட்டினால் வண்டி நகராது. பிளக் தலை பொருந்தும் சரியான சாவி வேண்டும். சில வண்டிகளில் 24 மில்லிமீட்டர் ஸ்பானர், சிலவற்றில் ஆலன் கீ, சிலவற்றில் அரை அங்குலச் சதுரம். பைப் ரெஞ்சால் கடித்துத் திருகினால் அடுத்த முறை யாராலும் கழற்ற முடியாது.

20 நிமிடம் வடியவிடுங்கள். டிரெயின் பிளக்கில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் இயல்பான தேய்மானம். ஊசிபோன்ற சிதறல், தகடு, பல்லின் துண்டு இருந்தால் எந்த எண்ணெய் என்ற கேள்விக்கே இடமில்லை, கிரௌனைப் பிரிக்கவேண்டும். டீசலோ மண்ணெண்ணெயோ விட்டுக் கழுவும் பழக்கத்தைத் தடுத்துவிடுங்கள். அது முழுதாக வெளியே வராது. மிச்சம் புது எண்ணெயை நீர்க்கச் செய்யும்.

பிளக்கின் காப்பர் அல்லது அலுமினிய வாஷரைப் புதிதாகப் போட்டு, கையேட்டில் சொன்ன முறுக்குக்கு மூடுங்கள். கை பம்பாலோ, மேலிருந்து தொங்கவிட்ட குழாயாலோ நிரப்பி, ஃபில்லர் துளையின் கீழ் உதட்டில் எண்ணெய் வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். லிட்டர் கணக்கைவிட அந்த வழிவுதான் அளவு. ஒரு பக்கம் ஜாக்கி போட்டு வண்டி சாய்ந்திருந்தால் அந்த அளவு பொய் சொல்லும். ஆக்சில் குழாய்களுக்குள் எண்ணெய் பரவ நேரமாகும், அதனால் சிறிது தூரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஒரு முறை திறந்து பாருங்கள்.

நிறைய ஊற்றினால் நல்லது என்று நினைத்துச் சாய்த்து வைத்து அடைப்பவர்கள் உண்டு. மிஞ்சிய எண்ணெய் நுரைத்து, பிரீதர் வழியாகவும் ஆக்சில் சீல் வழியாகவும் வெளியேறும். அது போய்ச் சேரும் இடம் பின் பிரேக் டிரம். லைனர் ஊறினால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும், லைனரையும் மாற்றவேண்டி வரும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் அடைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு.

## ஏற்கெனவே சத்தம் வரும் வண்டிக்கு

எண்ணெய் வாங்கும் முன் சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் ஊளையிட்டால் கிரௌன் பல்லின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம். காலை எடுத்ததும் ஊளையிட்டால் மறுபக்கம், அல்லது பினியன் பேரிங் தளர்ந்திருக்கலாம். எப்போதும் ஒரே மாதிரி உறுமி, வண்டி வளையும்போது கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்கைச் சந்தேகியுங்கள். கிளட்சை விட்டதும் ‘டக்’ என்று ஒரே ஒரு அடி கேட்டால், கிரௌனைத் தொடும் முன் புரோப்பல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பல நேரம் ஆட்டம் அங்கேதான் இருக்கும். இதில் எதற்கும் 140 மருந்தல்ல. எண்ணெய் குறைந்ததால் மட்டும் வந்த சத்தம் என்றால், சரியான அளவுக்கு 80டபிள்யூ-90 நிரப்பியதும் 50 கிலோமீட்டருக்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் மீதி டப்பாவை மூடி வைத்துவிட்டு, கிரௌனைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விடுங்கள்.